அடியில் ஒரு பிறை

எங்கள் சொத்துக்கு மதிப்புப் போட வந்த இன்ஜினியர் ராஜ்மோகன் எங்கள் பீங்கான் ஷெட்டுக்குள் செருப்போடு நுழைந்தபோது நான் கடைசி ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கக் கல்லூரி எனக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. மீதியைக் கட்ட எங்களுக்கு வசதி இருக்கிறது என்று இவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விசா இல்லை.

வீட்டையும் ஷெட்டையும் சேர்த்தாலும் தொகை எட்டாது. சரக்கையும் காட்டலாம் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

காலையில் பக்கத்து ஷெட் கோதண்டபாணி மாமாவும் அப்பாவும் மாமாவின் ஷெட்டிலிருந்து காலி ஊறுகாய் ஜாடிகளைச் சுமந்து வந்து அடுக்கினார்கள். தரை, அலமாரி, ஜன்னல் மேடை எல்லாம் ஜாடி. நான் தூசி தட்டினேன்.

"இரவல் சரக்கு. சாயந்திரம் திருப்பிக் குடுத்துடணும். வாயத் தொறந்துடாத பாப்பா" என்றார் அப்பா.

"அமெரிக்காவுல ஊறுகா கெடைக்காதாம். ஒண்ண தூக்கிட்டுப் போயேன்" என்று மாமா சிரித்தார்.

இன்ஜினியர் வந்து நின்ற பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஜாடிகளின் அடிப்பக்கம்.

விருத்தாசலத்தில் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள் எல்லாம் ஒரே சூளையில்தான் கொடுத்துச் சுடுகிறோம். சரக்கு கலந்துவிடாமலிருக்கப் பச்சை மண்ணிலேயே அடியில் அடையாளம் வைத்துவிடுவோம். மாமாவுடையது சூலம். எங்களுடையது அம்மாவின் கட்டைவிரல் நகம் பதிந்த பிறை. வெந்த பிறகு யாராலும் மாற்ற முடியாது.

"எல்லாம் உங்க சரக்குதானா?"

"எங்களுதுதாங்க." அப்பாவின் குரல் கொஞ்சங்கூட ஆடவில்லை.

"அடியில குறி இருக்கும்ல? இந்த ஊரு வழக்கம் எனக்குத் தெரியுமே" என்றபடி அவர் ஒரு ஜாடியைத் தூக்கினார்.

விசா போகட்டும், அப்பாவைப் போலீஸில் கொடுத்துவிட்டால்?

கவிழ்த்தார். பிறை.

தெய்வாதீனமாக எங்கள் ஜாடி ஒன்று கலந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறை. ஜன்னலில் இருந்ததை எடுத்தார். அதுவும் பிறை.

"பெரிய வியாபாரந்தான் பண்றீங்க. பொண்ண தைரியமா அனுப்புங்க சார்."

அப்பா அவரை வழியனுப்பப் போனார்.

நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பொங்கலுக்கு மெட்ராஸுக்கு லோடு ஏற்றியாயிற்று என்று அப்பா சொன்ன பழுப்பு ஜாடிகள். வேப்பூர் ஓட்டல்காரர்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டதாகச் சொன்ன வெள்ளை ஜாடிகள். அந்தச் சேதி கேட்ட அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

எல்லாவற்றிலும் அம்மாவின் நகம். எதுவும் ஊரைத் தாண்டவில்லை.

அம்மா டீயோடு வந்தாள். பின்னாலேயே அப்பாவும் வந்து வாசலில் நின்றார். என் கையிலிருந்த ஜாடியையே பார்த்தார்.

"மாமா சரக்குன்னு அந்தாளு கண்டுபுடிச்சிடலியே?" என்று அம்மா ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லம்மா."

ஜாடியை நிமிர்த்தி வைத்தேன்.

சாயந்திரம் திருப்பிச் சுமக்கும்போது அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒத்தாசைக்கு வந்து ஒரு ஜாடியின் அடியில் கைகொடுத்தாள்.

"நீ போம்மா" என்றேன். "நானும் அப்பாவும் பாத்துக்கறோம்."