இரண்டாவது பெடல்

"கிரீச்ச்ச்...!"

ஒர்க்‌ஷாப் வாசலில் கார் நின்றபோது, அதன் மூக்குக்கும் அங்கே கிடந்த டூல் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது.

"நான் மிதிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டபடி பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினாள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர்.

"நானும்தான் மிதிச்சேன்," என்றார் ஓட்டிவந்த அவள் கணவர், டெய்லர்.

"யார் கால் முதல்ல போச்சு?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். அவருக்கு அதுதானே தெரியவில்லை! ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்பவர் கோட்டை விட்டால் டீச்சர் மிதிப்பதற்கு. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் கால் அதன்மேல் ஏறிவிடும்.

"வாங்க மாமா, ரேஸ் வீரரே!" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தான் மெக்கானிக். டீச்சரின் கூடப்பிறந்த தம்பி.

ரேஸ் கிளப்புக்காரர்களுக்கு முப்பது உடுப்புகளை அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்திருந்தார் டெய்லர். அந்தச் சந்தோஷத்தில், புதியவர்களுக்கான நாளில் அவரும் டிராக்கில் நாலு ரவுண்டு ஓட்டலாம் என்று அழைத்துவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு.

"கிண்டலை அப்புறம் வச்சுக்கடா. முதல்ல பிரேக்கைப் பாரு," என்றாள் டீச்சர்.

பானெட்டைத் திறந்தான் தம்பி. "பிரேக் ஆயில் காபி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துக் கிடக்கு. டிராக் சூட்டுல இது கொதிச்சிடும். அப்புறம் பெடல் சொத்துன்னு கீழே போகும், வண்டி நிக்காது. ஆயில் மாத்தணும், சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் பேடும் மாத்தணும்."

டெய்லர் அளவு நோட்டை எடுத்து, யாருடைய கைநீளத்துக்கோ கீழே அதைக் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எழுதுங்க மாமா. ஓடி முடிச்சதும் ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது. சூட்டுல பேட் அப்படியே ஒட்டிக்கும். சக்கரத்துக்குக் கட்டை வச்சா போதும். அப்புறம், தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி தட்டித் தட்டி மிதிக்காதீங்க. ஒரே அழுத்து!"

"என் பெடலையும் பாருடா," என்றாள் டீச்சர். "நானும் பக்கத்துல உட்காருவேன். அது சரியில்லைன்னா யாரும் எங்கேயும் போகலை."

"சரிக்கா, அதையும் பார்த்துடறேன்."

அவள் அடுத்த வகுப்புக்குக் கிளம்பினாள். டெய்லர் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், எனக்கு ஜெயிக்கணும்னெல்லாம் இல்லை. ஒரே ஒரு திருப்பத்துலயாவது நானா பிரேக் பிடிச்சேன்னு தெரிஞ்சா போதும்."

"பார்த்துக்கலாம் மாமா," என்று பக்கத்து சீட்டுக்குக் கீழே தலையை நுழைத்தான் தம்பி. வெளியே வர அரை மணி நேரமானது.

மறுநாள் காலை, டிராக் வாசலில் வண்டிகளைச் சோதித்தவர் டீச்சரின் பெடலைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். தம்பி அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

"ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாடியும் ரெண்டாவது ஆரஞ்சுக் கூம்பு வந்ததும் பிரேக் பிடிக்கணும். மறந்துடாதீங்க மாமா!"

கொடி அசைந்தது. கார் சீறியது. முதல் கூம்பு போனது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கூம்பு! அவள் கால் ஓங்கி இறங்கியது. கார் மூக்கைத் தாழ்த்தி, வேகம் குறைந்து, சமர்த்தாகத் திரும்பியது.

"ஆஹா!" என்று கத்தினார் டெய்லர்.

"ரோட்டைப் பாருங்க!"

ரவுண்டுக்கு மூன்று திருப்பங்கள். நாலு ரவுண்டு. ஒரு இடத்திலும் கார் கோட்டைத் தாண்டவில்லை. நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் போன டீச்சரின் கையை டெய்லர் பட்டென்று தட்டிவிட்டார்.

"டீச்சரம்மா, சூட்டுல இழுக்கக் கூடாது!"

கொடிக்காரர் ஓடிவந்து கைகொடுத்தார். "முதல் தடவைன்னு சொன்னா நம்பமாட்டேன் சார். பிரேக் அவ்வளவு சுத்தம்!"

டெய்லர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி மனைவியைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு. நீ மிதிச்சியா?"

டிரைவிங் ஸ்கூல் பரீட்சையில் சொந்த நாத்தனாரையே மூன்று தடவை பெயிலாக்கியவள் அவள். அந்த முகத்தைப் பார்த்தாள்.

"சத்தியமா இல்லைங்க. பன்னிரண்டும் நீங்க பிடிச்சதுதான்."

டெய்லர் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லக் கிளம்பிவிட்டார். தான் தைத்த உடுப்பைப் போட்டிருந்த ஒருவரைக் கட்டிக்கொள்ளவும் செய்தார்.

டீச்சர் முழங்காலைத் தேய்த்துவிட்டபடி தம்பியிடம் கிசுகிசுத்தாள். "கால் விட்டுப்போச்சுடா. பன்னிரண்டு தடவையும் மிதிச்சது நான்தான். பொய் சொல்லிட்டேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே."

தம்பி காருக்குள் குனிந்து, அவள் பெடலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"நீ பொய்யே சொல்லலைக்கா. ரெண்டு பேர் பிரேக் பிடிக்கிற வண்டியை இங்கே உள்ளே விடமாட்டாங்க. உன் பெடலோட கேபிளை நேத்தே கழட்டிட்டேன். நீ பன்னிரண்டு தடவையும் மிதிச்சது இந்த ஸ்பிரிங்கைத்தான்!"