கதவுக்குள் நுழையாத கறிவேப்பிலை

விடிவதற்குள் உறைபனி விழும் என்று வானொலி இரண்டு தடவை சொல்லிவிட்டது. தோட்டத்தில் மற்ற வேலையெல்லாம் முடிந்திருந்தது. தக்காளிக் கொடிகளைப் பிடுங்கியாயிற்று. வசந்தத்தில் முளைக்க வேண்டிய பூண்டுப் பற்களை ஊன்றி வைக்கோலால் மூடியாயிற்று. தொட்டியில் நின்ற கறிவேப்பிலை மரம் மட்டும் இன்னும் வெளியே நின்றது. ஒவ்வொரு இலையுதிர்காலமும் தில்லைநாதனின் மனைவி பூமணிதான் அதைக் கதவளவுக்கு வெட்டி உள்ளே எடுப்பாள். இந்த வருடம் கோடை முழுவதும் அவள் கட்டிலில் கிடந்தாள். மரம் தன்பாட்டில் வளர்ந்து அகன்றுவிட்டது.

"ஒரு கொப்பும் வெட்டிப்போடாதேங்கோ. ஸ்பிரிங்குக்கு நானே எழும்பி வெட்டுறன்" என்று காலையில் சொல்லியிருந்தாள். அவள் இந்தப் பனிக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று தில்லைநாதனிடம் மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

தில்லைநாதன் கதவைக் கழற்றினார். கொப்புகளைப் பூமணியின் பழைய சேலையால் வரிந்து கட்டினார். தொட்டியைச் சரித்து இழுத்தபோது பாதி மரம் உள்ளே வந்து கதவு நிலையில் இறுகிக்கொண்டது. அதன்பிறகு உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. பக்கத்து அறையில் பூமணி இருமத் தொடங்கினாள்.

கொப்பு அறுக்கும் வாள் காலடியில் கிடந்தது. அவர் அதை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"இஞ்சேருங்கோ, மரம் உள்ள வந்திட்டுதே?"

"ஓம், வந்திட்டுது."

"சரியாக் குளிருது. கதவைச் சாத்துங்கோவன்."

தில்லைநாதன் கொப்புகளுக்கு நடுவே புகுந்து, குளிருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"சாத்திட்டன்" என்றார்.