தெளியும் வரை

"எங்கப்பா முதுகுல ஊசியைக் குத்தி வச்சுட்டு, இந்தம்மா பாட்டுக்கு வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறாங்க டாக்டர்."

கதவைக்கூடத் தட்டாமல் பெரிய டாக்டரின் அறைக்குள் வந்துவிட்டாள் அந்த மகள். பின்னாலேயே, கையைப் பிசைந்துகொண்டு சின்ன டாக்டர்.

அப்பாவுக்குச் சில வாரமாக எல்லாமே தலைகீழ். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார், நடந்தால் சாய்கிறார். மூளையைத் தின்னும் பிரியான் நோயோ என்று சந்தேகம். அது யாருக்கு ஏன் வருகிறதென்று சொல்ல முடியாது, வந்தால் மருந்தும் கிடையாது. முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்கத்தான் இன்றைக்கு இந்தக் கூத்து.

அப்பா போதும் போதும் என்று அழுதாராம். மகள் கையெடுத்துக் கும்பிட்டாளாம். சின்ன டாக்டர் ஊசியை வெளியே எடுக்கவே இல்லையாம். கல்நெஞ்சு என்று சொல்லிவிட்டு மகளும் அழுதாள்.

பெரிய டாக்டருக்குச் சுருக்கென்றது. இந்த வேலையில் அவர் பெயர் எடுத்தவர். அவரிடம் தொழில் பழக வந்த பெண் இப்படிச் சொதப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? மகளைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, முதல்ல வந்ததை எடுத்துட்டு முடிச்சிருக்க வேண்டியதுதானே?"

"ரத்தம் கலந்து வந்துச்சு சார். அதை ஒதுக்கிட்டு, தெளிவா வர்ற வரைக்கும் காத்திருந்தேன்."

"லேசா சிவந்திருந்தா குடியா முழுகிடும்?"

"டெஸ்ட் ஏமாந்துடும் சார். நோய் இருந்தாலும் இல்லைன்னு சொல்லிடும்."

"மருந்தே இல்லாத நோய்க்கு இருக்குன்னா என்ன, இல்லைன்னா என்ன? இனிமே நீ ஊசியைத் தொட வேண்டாம்."

சரி என்று கதவு வரை போனவள் நின்றாள். ஊசியைத் தொடக்கூடாதென்றால் அவள் இந்தப் படிப்புக்கு வந்ததற்கே அர்த்தமில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அவள் கல்லூரியில் இருந்தபோது அவள் அம்மாவுக்கும் இதே நோய். டெஸ்டோ, நோய் இல்லை என்றது. அப்படியானால் குணமாக்கிவிடலாமே என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். குணமானதும் போகலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். போகவே இல்லை. இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது.

"அம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரிஞ்ச கடைசி நாளெல்லாம் குழாயும் மருந்துமாவே போயிடுச்சு சார். தெரிஞ்சிருந்தா வீட்டுல அவங்க கூட உட்கார்ந்திருப்போம்."

பெரிய டாக்டருக்கு நிஜமாகவே மனசு கலங்கிவிட்டது.

"ரத்தம் கலந்ததைப் பார்த்துட்டுமா அனுப்பினாங்க? யாரும்மா அந்த அவசரக்குடுக்கை?"

அவள் தயங்கினாள்.

"நீங்கதான் சார். அம்மாவுக்கு வலிக்கவே இல்லையேன்னு அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன்."