துரியன் கன்று

இலை கிழிந்துவிட்டது.

வெயிலிலிருந்து கன்று நின்ற வாளியை அவள் தள்ளி வைக்கும்போது மொட்டைமாடிச் சுவரில் உரசியிருக்கிறது. பிள்ளைக்கு அடிபட்டதைப் போல "அய்யோ" என்றாள்.

கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு.

விரலால் துடைத்தாள். மறுபடியும் வந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பால்.

இந்தப் பிசுக்கு அவளுக்குத் தெரியும். எண்ணெய் தடவாமல் பலாப்பழத்தில் கைவைத்தால் இப்படித்தான் ஒட்டும்.

துரியனுக்குப் பால் கிடையாது.

கொட்டையை ஊன்றிய நாளிலிருந்து துரியனைப் பற்றி அவள் தேடிப் படிக்காதது இல்லை. இலையின் அடிப்பக்கம் பொன்னிறத்தில் மினுங்க வேண்டும் என்பதும் தெரியும். முளைத்த புதிதில் மினுங்கியது. பிறகு காணோம். வளர்ந்தால் வரும் என்று விட்டுவிட்டாள். வேண்டாததைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். பிள்ளையில்லாதவர்கள் துரியன் பழம் சாப்பிட்டால் உண்டாகும் என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னது மாமியார் பேச்சியம்மாள்தான். அவள் புருஷன் கனகவேல் காலையில் குற்றாலத்துக்கு பஸ் ஏறி, பழத்தோடு சாயங்காலமே வீடு வந்து சேர்ந்தான். அங்கே நல்ல சாரலாம். அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பழம் வெடித்துவிடும் என்ற பயம்.

வாடையில் தெருவே ஜன்னலைச் சாத்தியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தின்றார்கள். கொட்டைகளைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, ஐந்து கொட்டைகளை ஊன்றினாள்.

ஒன்று முளைத்தது.

ஆவணியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

ஐப்பசியில் கலைந்துவிட்டது.

அம்மா வீட்டில் நாற்பது நாள் கிடந்தாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குத்தான் ஏறினாள்.

கன்று இருந்தது. முன்பைவிட ஒரு விரற்கடை உயரமாகவே இருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. இது நின்றுவிட்டது, அடுத்ததும் நிற்கும். அப்படி ஒரு கணக்கு. கனகவேலிடம்கூடச் சொன்னதில்லை. போன வருடமும் அவன் போய்ப் பழம் வாங்கி வந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாடியில் கன்று வளர்ந்துகொண்டிருந்தது. அது வளர்கிறவரை தனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று நம்பினாள்.

ஒருவரையும் தொடவிட்டதில்லை. பழுத்த இலையைக்கூடக் கிள்ளியதில்லை, அதுவாக விழட்டும் என்றிருந்தாள். இப்போது அவள் இடுப்புயரம்.

பலா.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாகத் தன்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டார்கள்.

படியில் காலடிச் சத்தம். ஈரத்துணி வாளியோடு பேச்சியம்மாள் ஏறி வந்தார். வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடாதவர். அவள் முகத்தைப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"நீ ஆசையா வச்சிட்டுப் போனியேன்னு காலையும் சாயங்காலமும் ஊத்துனேன். தண்ணி காட்டுனா எதுவும் பொழச்சுக்கிடும்னுதான நமக்குத் தெரியும். ஊத்தி ஊத்தியே அழுக வச்சிட்டேன்த்தா. நீ அங்க ஒண்ணப் பறிகுடுத்துட்டுக் கெடக்க. இதுவும் போச்சுன்னு எந்த வாயால சொல்ல? எலைய முந்தியில முடிஞ்சிட்டு சந்தைக்குப் போனேன். தொரியன் கன்னுன்னா ஒருத்தனுக்கும் தெரியல. எலைக்கு எலை ஒத்துப் பாத்து இத வாங்கியாந்து நட்டேன். பலான்னு அவன் சொல்லத்தான் செஞ்சான்."

வைகாசி வெயிலில் கைப்பிடிச் சுவரே சுடுகிற ஊர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி வளர்ந்தவர் பேச்சியம்மாள். குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து, தினம் இரண்டு வேளை, இத்தனை படி ஏறி ஊற்றியிருக்கிறார். செத்துப்போகிற அளவுக்கு ஊற்றியிருக்கிறார்.

அவள் நன்றாகச் சண்டை போடத்தான் நினைத்தாள். வாய் கோணியது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். கலைந்துபோன அந்த ஒன்றுக்காக இந்த வீட்டில் சத்தம்போட்டு அழுவது இதுதான் முதல் தடவை.

பேச்சியம்மாள் பக்கத்தில் குந்தினார். எண்ணெய் வைத்துச் சீவியிருந்த தன் தலையில் உள்ளங்கையைத் தேய்த்து, அந்த எண்ணெயை அவள் விரல்களில் தடவினார். ஒவ்வொரு விரலாகப் பிசுக்கை உருட்டி எடுத்தார்.

மறுபடி ஆடி வந்துவிட்டது. விடிந்தால் கனகவேல் குற்றாலத்துக்குக் கிளம்ப வேண்டும். பை மடித்து வைத்தாயிற்று.

"நாளைக்கு நீயும் கூடப் போ" என்றார் பேச்சியம்மாள். "பழமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ரெண்டு பேரும் ஆசதீரக் குளிச்சிட்டு வாங்க."

பத்து வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இனி யாரும் அவளை எதுவும் தின்னச் சொல்லப் போவதில்லை. மாதாமாதம் நாள் எண்ணிப் பார்க்கவும் போவதில்லை.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சரியென்று தலையாட்டினாள்.

ஆனால் அவளுக்குப் பழமும் வேண்டியிருந்தது.