மச்சான் தொட்டிப் பூச்சி

“நம்ம பட்டறையில ஒரு திருடன் இருக்கான்” என்றாள் சம்சாரம், பாகு டிரம்முக்குள் தலையை விட்டபடி.

முலாம் பட்டறைக்காரர் கூரையைப் பார்த்தார். திருடன் அவர்தான். அதை ஒத்துக்கொண்டுவிட்டு அவளோடு குடித்தனம் நடத்த முடியுமா?

விஷயம் இதுதான். குழாய்க்கும் கைப்பிடிக்கும் நிக்கல் முலாம் பூசிக் கழுவுகிற தண்ணீரை அப்படியே சாக்கடையில் விட்டால், பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். அதனால் பின்பக்கம் தொட்டி கட்டி அதில் பாக்டீரியா வளர்க்கிறார்கள். பட்டறைக்காரர்கள் வாயில் அது ‘பூச்சி’. தண்ணீரில் இருக்கிற நிக்கலைப் பிடித்து அடியில் சேறாகத் தள்ளிவிடும். ஆனால் வேலை செய்கிற ஜீவனுக்குத் தீனி வேண்டாமா? அதற்குத்தான் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, தினம் ஒரு கேன்.

பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்கிற மச்சான், அதாவது சம்சாரத்தின் கூடப்பிறந்த தம்பி, இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

“நிக்கலைத்தான் தின்னுதே, அதுக்கு மேல பாகு வேற கேக்குதா? விருந்துக்கு வந்த சம்பந்தியா அது?”

நிக்கல் அதுக்குச் சாப்பாடு இல்லடா, அது பார்க்கிற வேலைடா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். உன் தொட்டியை நீ பாரு, என் தொட்டியை நான் பார்த்துக்கறேன் என்று அவன் முறுக்கிக்கொண்டு போனான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் பட்டறைக்குச் சீல் வைக்கட்டும், வாசலில் நின்று கைதட்டுவேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள் அவள்.

பட்டறைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. திமிர் பிடித்தவன்தான், இருந்தாலும் பிள்ளைகுட்டிக்காரன். பட்டறை மூடினால் நடுத்தெருதான். மத்தியானம் மச்சான் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போவான். அந்த நேரம் பார்த்துப் பின்கேட்டுக் கொக்கியை நீக்கி, ஒரு கேன் பாகைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பூனை மாதிரி திரும்பிவிடுவார். கேட்டால், சும்மா காலாற நடந்தேன் என்பார்.

ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. சொந்தத் தொட்டிக்குப் போக அவர் எடுப்பது ஒரு கேன். டிரம்மில் கூடுதலாகக் குறைவதோ ரெண்டு கேன். திருடனுக்கே திருடன் பயம் வந்துவிட்டது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார், தண்ணீரைச் சோதித்தார். மச்சான் பாஸ்.

அன்று சாயங்காலமே இவர்கள் வாசலில் வந்து நின்றான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை, மாமாவிடம்தான் பேச்சு. ஒரு சொட்டுப் பாகு ஊற்றவில்லையாம். அவன் பூச்சியெல்லாம் சாமியாராம், காற்றைக் குடித்தே உயிர் வாழுமாம். ஒரே ஒரு குறை, தொட்டி ரொம்ப நுரைக்கிறதாம். யாரோ அளவுக்கு மீறித் தீனி போட்ட மாதிரி இருக்கே என்றாராம் அதிகாரி.

“கண்ணு பட்டிருக்கும் மாமா” என்று சிரித்துவிட்டுப் போனான்.

சம்சாரம் சுவரைப் பார்த்துப் பேசினாள். “ஆடட்டும், ஆடட்டும். அடுத்த மாசமும் வருவாங்கல்ல, அப்ப இருக்கு.”

என்ன நெஞ்சம்மா இது, கல்லா இரும்பா என்று பட்டறைக்காரருக்கு வருத்தமாகப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் கேனோடு போனார். பின்கேட்டுக் கொக்கி ஏற்கெனவே நீக்கியிருந்தது. போச்சு, மச்சான் தூங்கப் போகவில்லை, மானம் கப்பலேறியது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

தொட்டி ஓரத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள் சம்சாரம். கடைசிச் சொட்டு விழுகிறவரை விடவில்லை.

திரும்பினாள். அவர் கேனை அவள் பார்த்தாள், அவள் கேனை அவர் பார்த்தார்.

“அந்தத் திருடன் நீங்கதானா? நான் ஒரு கேன்தானே எடுக்கறேன், ரெண்டு குறையுதேன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்” என்றாள்.

“அது கிடக்கட்டும். சீல் வெச்சா கைதட்டுவேன்னு சொன்னது யாரு?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கைதட்டுவேன்னுதான் சொன்னேன். சீல் வெக்க விடுவேன்னா சொன்னேன்?”