மூன்று கட்சி வீடு

“மூத்தவங்க இருக்கும்போது மத்தவங்களுக்கு எதுக்குப் பங்கு? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து வந்தது அந்தக் கனத்த ஆண்குரல். கூடத்து நாற்காலியில், அளவு நாடாவை மடியில் வைத்துக் காத்திருந்த நில அளவையர் கண்களை மூடிக்கொண்டார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. தலைக்கு மேலே மின்விசிறியின் தாலாட்டு. உள்ளே பேசுபவர்கள் உடன்பிறந்தோர் மூவர். மூவரும் மூன்று கட்சி என்று தெருமுனையிலேயே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“பாட ஆரம்பிச்சாச்சா, பழைய பல்லவி?” கரகரப்பான இன்னோர் ஆண்குரல். “யார் உழைச்சுக் காப்பாத்தினாங்களோ அவங்களுக்குத்தான் வீடு. சும்மா பிறந்ததுக்கெல்லாம் பங்கு கிடையாது.”

“போதும் தலைவர்களே!” என்றது பெண்குரல். “மூணு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்க. சமமாத்தான் பிரிக்கணும். ஒருத்தருக்கு ஒரு செங்கல் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

“தோழர் கொடி பிடிச்சாச்சுடா!”

அரைத் தூக்கத்தில் நில அளவையர் அக்குரல்களுக்கு முகம் வரைந்தார். கனத்த குரலுக்கு நரைத்த மீசை. கரகரப்புக்கு, இந்தச் சுவர்களைப் பூசிப் பூசிக் காய்த்துப்போன கைகள். சமம் கேட்பவள், ஓரங்கட்டப்பட்ட கடைக்குட்டி. அவரவர் கொள்கை அவரவர் பங்குக்குக் காவல் என்று எண்ணிக்கொண்டார். சுவர்கள் மேகங்களாகி, மூன்று துண்டுகளாக மெல்ல மிதந்து விலகின. அவர் கோடு போட்ட எத்தனையோ வீடுகளில், அதன்பின் உடன்பிறந்தோர் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை.

“நான் சொன்னபடி எழுதலைன்னா, இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!” என்றது கனத்த குரல்.

திடுக்கிட்டு எழுந்தவர், திரையைத் தயக்கத்துடன் விலக்கினார்.

“மன்னிக்கணும்... மூத்தவங்களுக்கே வீடுன்னு சொன்னது யாருங்க?”

“நான்தான் சார்,” என்றான், மீசை இன்னும் அடர்த்தியாகாத இளைஞன். “நான் கடைக்குட்டி.”

“உழைச்சவங்களுக்குன்னது நான்,” என்றான், பிரிக்காத பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவன். “சின்ன வயசுலயே வெளிநாடு போனவன் சார். இந்த வீட்டுச் சுவத்துல ஒரு ஆணிகூட அடிச்சதில்ல.”

இருவரின் விரல்களும் ஜன்னலோரம் நின்ற, காதோரம் நரைத்த பெண்மணியைச் சுட்டின.

“மூத்தவங்களும் அவங்கதான். அப்பா போனதுலேர்ந்து இந்த வீட்டைத் தாங்கறதும் எங்க அக்காதான்.”

அக்கா, நில அளவையரின் கையிலிருந்த நாடாவின் நுனியைப் பற்றிக்கொண்டார்.

“இவனுங்க கிடக்கறானுங்க சார். நீங்க மூணாப் பிரிங்க.”