உளுத்துப்போன தூண்

"உளுத்துப் போச்சுன்னு எழுதுங்க மிஸ்! இன்னும் என்னத்தைப் பார்க்கிறீங்க?"

கத்தியோடு நின்ற ரூபினியைப் பார்த்துக் கூச்சல் போட்டார், தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹேமநாதன். பாரம்பரியக் கட்டடங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தபின் அவள் தனியாக வந்திருக்கும் முதல் இடம் இது.

மலேசியாவில் சாஆ என்ற சிற்றூருக்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கும், ரப்பர் தாள்களை உலர்த்திய பழைய புகைக்கொட்டகை. அரசாங்கம் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட கட்டடம். அது நிற்கும்வரை நிலத்தை விற்க முடியாது. பின்னால் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் நான்கு குடும்பங்களையும் யாரும் கிளப்பப் போவதில்லை. தூண் உளுத்துவிட்டது என்று இவள் எழுதிவிட்டால் எல்லாம் தரைமட்டம்.

லயத்து வாசலில் அங்கே குடியிருக்கும் வெள்ளையம்மா, இடுப்பில் பிள்ளையோடு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி ஒத்தை ஆளா இந்தத் தோட்டத்தோட மல்லுக்கட்டுறான்மா," என்றார் ஹேமநாதனின் அண்ணன் ராஜசேகரன். நிலம் வாங்குகிறவரையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து காலையில்தான் வந்திருந்தார். "இது மரமா? கறையான் புத்து லா!"

காரிலிருந்து ஹாரன் ஒலித்தது.

ரூபினி தூணின் அடியில் கத்தியைக் குத்தினாள். இறங்கவில்லை. அடுத்த தூணிலும் இறங்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். லாரி எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் வாடை. கறையான் அண்டாமலிருக்க யாரோ மண்மட்டம் வரை பூசியிருக்கிறார்கள். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது.

நிமிர்ந்து நின்றாள். ராஜசேகரனைப் பார்த்துச் சொன்னாள்.

"தூண் நல்லா இருக்கு சார். கறையான் வராம எண்ணெய் பூசியிருக்கு. அப்படித்தான் எழுத முடியும்."

"அலமாக்! எண்ணெய் பூசியிருக்கா? யாரு செஞ்ச வேலை இது?" ராஜசேகரனின் பார்வை லயத்தின் பக்கம் போனது. "அந்த ஆளுங்களா?"

"அவங்க எங்க இங்க வர்றாங்க அண்ணே! பூட்டுச் சாவி என்கிட்டதானே இருக்கு," என்று ஹேமநாதன் அவசரமாக மறித்தார். "பழைய மரம், அப்படித்தான் நாறும்."

பிறகு ரூபினியின் மேல் பாய்ந்தார்.

"நாலு எழுத்து படிச்ச திமிரு! எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா? இனிமே இந்தப் பக்கம் வந்துடாதீங்க!"

அவள் முகத்துக்கு நேரே அவர் விரல் ஆடியது.

அந்த விரலின் நகக்கண்ணில், தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்பு எண்ணெய்.